தலை வரையப் பழக: பென்சிலா, டிஜிட்டல் களிமண்ணா?

நேர்முகம் வரைந்தால் சரியாக வருகிறது. அதே தலையைக் கொஞ்சம் திருப்பி, மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தால் முகமூடியாகிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டவருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அதைத் தாளில் போடுவதா, பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் ஒரு கோளத்தைத் தலையாகப் பிசைவதா? என் தேர்வு இரண்டாவது. பென்சிலுக்கு வேலை இல்லை என்று அர்த்தமில்லை; அது கடைசிப் பத்து நிமிடத்துக்கு வரும்.

பென்சிலின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எடுத்தவுடன் வரையலாம், ஒரு மணி நேரத்தில் முப்பது சிறு தலைகள்கூடப் போடலாம். உடலின் ஓட்டம், துணி மடிப்பு, கோட்டின் தடிமன் எல்லாம் தாளில்தான் கைக்கு வரும். இதில் ஸ்கல்ப்டிங், அதாவது திரையில் களிமண்போல் பிசைவது, போட்டிக்கே வராது.

ஆனால் தாளில் பொய் செல்லுபடியாகும். இரண்டு கண்களையும் ஒரே தட்டைச் சுவரில் ஒட்டியிருந்தாலும் நேர்முகத்தில் தெரியாது. உண்மையில் கண்ணின் வெளிமுனை, மூக்கை ஒட்டிய உள்முனையைவிடப் பின்னால் இருக்கிறது. உதடுகளும் பல்வரிசையின் வளைவின்மேல் படர்ந்திருப்பதால் வாயின் ஓரங்கள் பின்னோக்கிப் போகின்றன. நூறு நேர்முகம் வரைந்தாலும் இந்தப் பிழை பிடிபடாது. பிளெண்டரில் நம்பேடின் (கீபோர்டின் வலப்பக்க எண் விசைகள்) 7-ஐ அழுத்தி மேலிருந்தும், கன்ட்ரோலோடு 7-ஐ அழுத்திக் கீழிருந்தும் பார்த்தால் ஒரு நொடியில் அம்பலம். பின்மண்டையும் அப்படித்தான். தலையின் அகலம் 3 பங்கு என்றால் முன்பின் ஆழம் ஏறக்குறைய 4 பங்கு. புதிதாகப் பழகுபவர்கள் செய்யும் தலைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் காதுக்குப் பின்னால் பாதி மண்டையைக் காணோம்.

என் தராசு சாய்வது இந்த ஒரு காரணத்தால்தான்: திருப்பிய கணமே தவறு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. சொல்லித்தர ஆள் இல்லாமல் பழகுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இந்தப் பலன் கிடைக்க மெஷ்ஷை, அதாவது மாடலின் பரப்பாக அமையும் பாலிகன் (சிறு பலகோணங்கள்) வலையை, கஞ்சத்தனமாக வைத்திருக்க வேண்டும். 1 மீட்டர் ஆரமுள்ள கோளத்தை எடுங்கள். ஆப்ஜெக்ட் மோடில் அதன் அளவை மாற்றியிருந்தால் கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாக்சல் (மெஷ்ஷைப் பின்னும் சிறு கட்டம்) கணக்கு தப்பும், பிரஷ்ஷும் கோணலாக நடந்துகொள்ளும். பிறகு ஸ்கல்ப்ட் மோடில் எக்ஸ் சிமெட்ரியை (ஒரு பக்கம் செய்வது மறுபக்கமும் வரும்) இயக்கி, வாக்சல் அளவை 0.1 ஆக்கி, கன்ட்ரோல்-ஆர் அழுத்தி ரீமெஷ் செய்யுங்கள், அதாவது வலையைச் சீராக மறுபடி பின்னுங்கள். சுமார் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் பாலிகன் வரும். முதல் இருபது நிமிடம் இதிலேயே ஓடட்டும்: பிடித்து நகர்த்தும் கிராப் பிரஷ்ஷால் பக்கங்களை ஒடுக்கி, பின்மண்டையை இழுத்து, பட்டை பட்டையாகக் களிமண் அப்பும் கிளே ஸ்ட்ரிப்ஸ் பிரஷ்ஷால் தாடையும் மூக்கின் ஆப்பு வடிவமும் ஏற்றுங்கள். கிராப் பிரஷ்ஷாலேயே திருத்த முடிகிற தவறு ஒன்று பாக்கி இருக்கும்வரை அடுத்த நிலைக்குப் போக வேண்டாம். போகும்போது வாக்சல் அளவு 0.05; வாக்சலைப் பாதியாக்கினால் பாலிகன் நான்கு மடங்காகும் என்பது நினைவிருக்கட்டும். முதல் நிமிடத்திலேயே 0.01-க்குத் தாவுபவர்களுக்குத்தான் கன்னமெல்லாம் மேடுபள்ளமாகிறது. அதை ஸ்மூத் பிரஷ்ஷால் தேய்த்தால் மேட்டோடு மூக்கும் கரைந்துபோகும்.

கண்விழிகளைத் தனி ஆப்ஜெக்டாக, இரண்டு கோளங்களாகவே வையுங்கள். விட்டம் தலை அகலத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு வரும். இமையை அந்தக் கோளத்தின்மேல் போர்த்துவதுபோல் செய்தால்தான் கண் உட்காரும். ஒரே மெஷ்ஷில் வைத்தால் ரீமெஷ் செய்யும்போது இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளும். வாக்சல் அளவைவிட நெருக்கமான எந்த இரண்டு பரப்புக்கும் இதே கதிதான். உதடுகள் ஒட்டிப்போவதும் இதனால்தான்.

இன்னொரு கண்ணி, கேமரா. வியூபோர்ட்டின் (மாடலைப் பார்க்கும் சாளரம்) இயல்பான ஃபோகல் லெங்த் (லென்ஸின் குவியத் தூரம்) 50 மில்லிமீட்டர். கிட்டே நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது ஒதுங்கிவிடும். அதை நம்பித் திருத்தினால் தலையே கெடும். N விசையை அழுத்தினால் வரும் பேனலில் ஃபோகல் லெங்த்தை 85 அல்லது 100 ஆக்கிவிடுங்கள். பளபளக்கும் மேட்கேப்பும் (மாடலுக்குப் போர்த்தும் ஒளி-நிறத் தோற்றம்) வேண்டாம், அது சுமாரான வேலையையும் அழகாகக் காட்டும்.

நாற்பது, ஐம்பது நிமிடம் ஆனதும் திரையை மறைத்துவிட்டு அதே தலையைச் சற்றுத் திருப்பி, மேலிருந்து பார்க்கும் கோணத்தில் நினைவிலிருந்து பென்சிலால் வரையுங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு மாடலை அந்தக் கோணத்துக்குத் திருப்பி ஒப்பிடுங்கள். காது எவ்வளவு மேலே ஏறியது, தூரத்துக் கண்ணை மூக்குப்பாலம் எவ்வளவு மறைத்தது என்ற இரண்டை மட்டும் பார்த்தாலே போதும். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் கற்றது பிளெண்டருக்குள்ளேயே தங்கிவிடும். நன்றாக ஸ்கல்ப்ட் செய்து மோசமாக வரைபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இன்னொரு ஸ்கல்ப்டிங் மென்பொருளான ஸீபிரஷ் வேண்டாமா என்ற கேள்வி வரும். பல கோடி பாலிகனைச் சுமக்கும் அதன் வலு, முப்பதாயிரத்துக்குள் முடிகிற இந்தப் பயிற்சிக்குத் தேவையில்லை. ஏற்கெனவே கையில் இருந்தால் அதன் ரீமெஷ் வசதியான டைனாமெஷ்ஷில் இதே முறை அப்படியே நடக்கும்: காலி இடத்தில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் ரீமெஷ் ஆகிவிடும்.

அழுத்தத்தை உணரும் பேனா இல்லாமல் மவுஸை வைத்து முயல்பவருக்கு இந்தப் பரிந்துரை அவ்வளவாகப் பொருந்தாது. கிளே ஸ்ட்ரிப்ஸ் ஒரே தடிமனில் விழுந்து பொறுமையைச் சோதிக்கும். அவருக்கு இப்போதைக்குப் பென்சிலே மேல். கார்ட்டூன் பாணி முகங்களுக்கும் நான் அடித்துச் சொல்லமாட்டேன். அவற்றில் சில, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்ப்பதற்காக உருவானவையே அல்ல. நேர்முகத்துக்கு ஒரு வாய், பக்கமுகத்துக்கு வேறொரு வாய் என்று இருக்கும். அங்கே தாளின் பொய்தான் வடிவமைப்பே.