பம்பிங் குறைந்த இதயத்துக்கு எனலாப்ரிலா, புது மாத்திரையா?

எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு) 30 என்று வந்துவிட்டால், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்து வீடுகளில் அடுத்துக் கேட்பது இதுதான்: "புதுசா ஒரு மாத்திரை வந்திருக்காமே, கடன் வாங்கியாவது அதையே போட்டுடலாமா?" அந்தப் புது மாத்திரை சாகுபிட்ரில்-வல்சார்ட்டன். அதற்குப் போட்டி, ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கும் எனலாப்ரில். இதயச் செயலிழப்பு, அதாவது இதயத்தின் பம்பிங் பலவீனம் வந்து, இ.எஃப். 40-க்கு மேல் போகாதவர்களுக்கான அலசல் இது.

எனலாப்ரிலைப் பழசு என்று ஒதுக்கிவிட முடியாது. 1987-இல் வெளிவந்த கன்சென்சஸ் ஆய்வில் நோய் முற்றியவர்களைத்தான் சேர்த்தார்கள். ஆறு மாதத்தில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள். எனலாப்ரில் எடுத்தவர்களில் 26 சதவீதம். 2014-இல் பாரடைம் ஆய்வு 8,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டது. சுமார் இரண்டேகால் வருடத்தில், இதயநோயால் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் எனலாப்ரில் பக்கம் 26.5 சதவீதம், புது மாத்திரை பக்கம் 21.8. அதாவது நூறு பேரில் ஐந்து பேர் தப்பிக்கிறார்கள். புதுசு ஜெயித்தது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வறட்டு இருமலும் எனலாப்ரிலில்தான் அதிகம். ஆனால் நுரையீரலில் நீர் கோத்தாலும் இருமல் வரும். மாத்திரை மேல் பழிபோடும் முன் அதைப் பார்த்தாக வேண்டும். புது மாத்திரையில் பிரஷர் இன்னும் இறங்கும். எழுந்து நின்றால் தலைசுற்றுகிறவருக்கு அது சிக்கல். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது இடையில் 36 மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் மிச்சமிருக்கும் எனலாப்ரிலை 'தீரட்டுமே' என்று சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

விலைக்கு வருவோம். இப்போது பல இந்தியக் கம்பெனிகள் செய்வதால் புது மாத்திரை விலை இறங்கியிருக்கிறது. அப்படியும் காசிமேட்டில் தினக்கூலிக்கு வலை இழுப்பவருக்கு மாதா மாதம் அது பாரம்தான். காசை அதிலேயே கொட்டிவிட்டு மற்ற மாத்திரைகளை விடுவது எனக்குச் சம்மதமில்லை. இந்த நோய்க்கு நாலு வகை மருந்து சேர்ந்து வேண்டும்: எனலாப்ரில் அல்லது புது மாத்திரை, கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைப்பது), ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின். கடைசியானது சர்க்கரை மாத்திரையாயிற்றே என்று பயப்பட வேண்டாம். சர்க்கரை இல்லாதவருக்கும் இதயத்துக்கு உதவும் என்று 2019-இல் டாபா ஆய்வு காட்டியது. காப்புரிமை முடிந்ததால் அதுவும் இப்போது மலிவு. கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றால், எனலாப்ரிலோடு மற்ற மூன்றும் விடாமல் ஓடட்டும். வசதி வந்த பிறகு டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வசதி இருப்பவர் முதலிலேயே புதிதில் தொடங்கலாம், அதில் தப்பில்லை.

உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையில் இவ்வளவு யோசனை தேவையில்லை. ஃப்ரூஸமைடா டார்ஸமைடா என்று 2,859 பேரிடம் ஒப்பிட்டார்கள். இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. எது ஒத்துப்போகிறதோ அது சரி. தினம் காலையில் எடை பாருங்கள். மூணு நாளில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் உப்பு. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொன்னதும் சிலர் கடையில் 'லோ சோடியம்' உப்பு வாங்குகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். எனலாப்ரில், சாகுபிட்ரில்-வல்சார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அது எல்லை மீறினால் இதயத்துடிப்பே தடம் மாறிவிடும். அந்த உப்பு வேண்டாம், சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். மாத்திரை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள்.