பெண்களுக்கு ஹிப் ரீசர்ஃபேசிங் என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்களா? ரூ. 85,000 இழந்தவள் எழுதுகிறேன்

இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு ஹிப் ரீசர்ஃபேசிங் செய்துகொள்ளலாம் என்று உங்களிடமோ உங்கள் வீட்டுப் பெண்களிடமோ யாராவது ஆசை காட்டினால், ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மருத்துவமனையும் மருத்துவரும் ஏற்பாடு செய்து தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையத் தளத்தில் ரூ. 85,000 முன்பணம் கட்டினேன். அது திரும்ப வராது என்று நேற்று கடிதம் அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு வயது 51. பிறவியிலேயே இடது இடுப்பில் தொடை எலும்பின் தலை பொருந்தும் கிண்ணம் ஆழமில்லாமல் அமைந்துவிட்டதால் மூட்டு சீக்கிரமே தேய்ந்துபோனது. பேருந்துப் படி ஏறுவதற்கே கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றவேண்டிய நிலை. முழு மூட்டு மாற்று செய்தால் தரையில் உட்காரவே முடியாது என்று பலர் பயமுறுத்தியிருந்த நேரத்தில்தான் அந்தத் தளத்தின் ஒருங்கிணைப்பாளர் பேசினார். ஹிப் ரீசர்ஃபேசிங்கில் தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்காமல் செதுக்கி, பல்லுக்குத் தொப்பி போடுவது போல உலோகத் தொப்பி மாட்டிவிடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். மார்கழி முழுக்க வாசலில் கோலம் போடுகிறவள் நான் என்று பேச்சுவாக்கில் சொன்னதை நினைவில் வைத்திருந்து, "அம்மா, அடுத்த மார்கழிக்கு நீங்களே உட்கார்ந்து புள்ளி வைக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லில் என் மனம் அவர்கள் பக்கம் சாய்ந்தது.

காணொளி அழைப்பில் டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேயின் படத்தைக் காட்டினார்கள். 2019 ஜனவரியில் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அந்த அக்டோபரிலேயே ஆண்ட்வெர்ப்பில் பட்டம் வென்றவர், அது உண்மைதான். அடுத்து, பத்தாண்டுக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெற்றி என்று ஓர் அட்டவணை வந்தது. இது பெண்களுக்கும் பொருந்துமா என்று நான் வாய்விட்டே கேட்டேன். "ஆண் பெண் வித்தியாசமே கிடையாதும்மா, மூட்டு மூட்டுதானே" என்று பதில் வந்தது. அன்று மாலையே ரூ. 85,000 அனுப்பினேன்.

என் தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்னை அழைத்துச் சென்றான். அங்கிருந்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயில் அளந்து பார்த்து, தொடை எலும்பின் தலை ஏறக்குறைய 44 மில்லிமீட்டர் என்றார். இந்த அளவுக்கு, அதுவும் ஆழமில்லாத கிண்ணம் உள்ள ஒரு பெண்ணுக்கு, உலோக ரீசர்ஃபேசிங்கை யார் பரிந்துரைத்தார்கள் என்று வியப்போடு கேட்டார். இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேட்டை ஆராய்ந்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரையைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். 55 வயதுப் பெண்ணுக்கு 42 மி.மீ. தலை பொருத்தினால் ஐந்தே ஆண்டுகளில் மறு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 8.3 சதவீதம், 46 மி.மீ. என்றால் 6.1 சதவீதம், சிமெண்ட் வைத்துப் பொருத்தும் சாதாரண முழு மூட்டு மாற்றிலோ வெறும் 1.5 சதவீதம். அதே வயது ஆணுக்கு 54 மி.மீ. தலையில் 2.6 சதவீதம்தான். தலை எந்த அளவாக இருந்தாலும் பெண்களுக்கு முழு மாற்றைவிட இது மோசமாகவே முடிகிறது என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு. 2015 ஜூனில், இவ்வகையில் புகழ்பெற்ற பர்மிங்ஹாம் மூட்டைத் தயாரிப்பவர்களே பெண்களுக்கு அதைப் பொருத்தக் கூடாது என்று அறிவித்து, 46 மி.மீ.யும் அதற்குக் குறைந்ததுமான அளவுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

காரணத்தையும் அவர் விளக்கினார். தலை சிறிதாக இருந்தால் கிண்ணம் அதைத் தழுவும் பரப்பும் குறைகிறது. கிண்ணம் சற்றே செங்குத்தாக அமைந்தாலும் உலோகம் உலோகத்தின் விளிம்பில் உரசி, கோபால்ட், குரோமியத் துகள்கள் சுற்றுத் தசைக்குள்ளும் இரத்தத்திலும் இறங்குகின்றன. சிலருக்கு அந்த இடத்தில் கட்டி போன்ற வீக்கம் உருவாகித் தசையே அழிந்துவிடுவதால், பிறகு செய்யும் மறு அறுவை சிகிச்சையும் சிக்கலாகிவிடுகிறது. எலும்பின் கழுத்து முறிவதும் பெண்களிடம் அதிகம். 2005இல் வெளியான ஆஸ்திரேலியக் கணக்கில் ஆண்களுக்கு 0.98 சதவீதம், பெண்களுக்கு 1.91 சதவீதம். அந்தத் தளம் எனக்குத் தந்த மதிப்பீட்டுச் சீட்டில் கோபால்ட்-குரோம் என்றே அச்சாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து தம்பி அந்த அட்டவணையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அடியில் எறும்பளவு எழுத்தில் "ஆண் நோயாளிகள், 50 மி.மீ.க்கு மேல்" என்று இருந்தது. ஆண்களின் கணக்கைக் காட்டித்தான் என் பணத்தை வாங்கியிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "அம்மா" போய் "மேடம்" வந்தது. அது வேறு பிரிவு என்றார்கள். மேலதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். பிறகு செயற்கை மூட்டுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். எந்த அளவில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர்கள் தரப்பில் யாருமே என் எலும்பை அளந்ததில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அடுத்து ரூ. 85,000 முழுவதும் ஆலோசனைக் கட்டணமாகவும் ஒருங்கிணைப்புக் கட்டணமாகவும் மாறிப்போனது. நேற்றைய கடிதத்தில், வாடிக்கையாளர் மனம் மாறினால் முன்பணம் திரும்பாது என்று ஒரு விதியை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னவர்கள், என் மனம் மாறியது என்று எழுதுகிறார்கள்!

நிறைய ஆலோசனை எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. வெற்றி விகிதம் என்று எதைக் காட்டினாலும் பெண்களுக்கான கணக்கைத் தனியாகக் கேளுங்கள். உங்கள் தொடை எலும்புத் தலை எத்தனை மில்லிமீட்டர், பொருத்தப்போவது எந்த உலோகம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தளத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். கட்டுவதென்றால் மருத்துவமனைக் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். அழைப்புகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. இதேபோல் ஆண்களின் அட்டவணையைக் காட்டி முன்பணம் வாங்கப்பட்ட பெண்கள் யாரேனும் இருந்தால், ரசீதையும் அந்த அட்டவணையின் படத்தையும் அழித்துவிடாமல் வைத்திருந்து எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.