கழுத்து: செப்டம்பர் 7 (மூடிவிட்டுப் போன ஒரு தையல் ஆப் பற்றி)

பழைய வண்ணாரப்பேட்டையில் 21 ஆண்டுகளாக ஜாக்கெட் தைக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுத்து, கையோடு லைனிங் துணியும் வாங்கிக்கொண்டு என் படி ஏறுகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர். நான் இங்கே மதிப்பிடுவது, இரண்டு ஆண்டுகளுக்கு என் அளவு நோட்டாக இருந்துவிட்டுக் கடையைக் கட்டிக்கொண்டு போன ஓர் ஆப்பை. பெயர் சொல்லவில்லை. பூட்டிய கடையின் பெயர்ப் பலகையைப் படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

நோட்டை விட்டு ஆப்புக்குப் போனதற்குக் காரணம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மிஷின் மோட்டாரைக் கழற்றி மேசைமேல் வைக்கத் தெரிந்த எனக்கு, கீழ்த்தட்டில் இருந்த அளவு நோட்டுகள் நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், பக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. ஜெல் பேனா மை கரைந்து, ஊரார் மார்புச் சுற்றெல்லாம் ஒரே நீலமாகிவிட்டது.

2024 பொங்கல் கழிந்ததும் ஆப்பில் சேர்ந்தேன். ஆண்டுச் சந்தா 999 ரூபாய். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. தமிழிலேயே எழுதலாம். "காசிமேடு ஐஸ் கம்பெனி அண்ணி" என்று தட்டினால் தோள், கை நீளம், அக்குள் சுற்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். டெலிவரிக்கு முந்தைய நாள் மணியடித்து நினைவூட்டும். தைத்த ஜாக்கெட்டைப் படம் எடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. என் தொழிலே அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. ‘இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.’ ‘ஏழாம் மாதம், பக்கத் தையலில் இரண்டு அங்குலம் விடவும்.’ ‘ஒரு பக்கம் மார்பு எடுத்தவர், உள்ளே பை வைக்கவும், உதவிப் பெண்ணிடம் கொடுக்காமல் நானே தைக்கவும்.’

மூன்றாம் ஆண்டுச் சந்தா கட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் ஆப்பைத் திறந்தால் அறிவிப்பு: 30 நாளில் சேவை நிறுத்தப்படுகிறது, உங்கள் தரவைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம். கூகுளின் பழைய சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டபோது, பழைய படங்களையும் எழுத்துகளையும் எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. காசு வாங்காத சேவைக்கே இரண்டு ஆண்டு. காசு கட்டிய எனக்கு ஒரு மாதம், அதுவும் முகூர்த்த மாதம். மீதிச் சந்தாவைக் கேட்காமலே ஒரு வாரத்தில் திருப்பிப் போட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பதிவிறக்கிய கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருக்கும் தம்பி எக்செல்லில் திறந்தான். 412 பெண்களின் பெயரும் கெட்டுப்போயிருந்தது. தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தலையில் கோடு போட்ட வெளிநாட்டு எழுத்துகள், நடுநடுவே பதிவு முத்திரை மாதிரி ஒரு குட்டி வட்டம். அதைவிட வேடிக்கை கழுத்துப் பத்தி. முன் கழுத்து 7, பின் கழுத்து 9 என்றால் நாங்கள் 7/9 என்று எழுதுவது வழக்கம். எக்செல் அதைத் தேதியாக்கிவிட்டது. ஐஸ் கம்பெனி அண்ணியின் கழுத்து செப்டம்பர் 7. அவர் மருமகளின் கழுத்து ஆகஸ்ட் 6.

"அக்கா, கோப்பு கெடவில்லை. நான் திறந்த விதம்தான் தப்பு" என்றான் தம்பி. இரண்டு முறை சொடுக்கித் திறக்கக் கூடாதாம். வெற்றுத் தாளைத் திறந்து, ‘டேட்டா’ பகுதியிலிருந்து கோப்பை உள்ளே இழுத்து, எழுத்து வகையில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரவு வகையை நீயாகக் கண்டுபிடிக்காதே என்று அதனிடம் சொல்லவும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டையும் செய்ததும் தமிழ் திரும்பியது, கழுத்துகளும் கழுத்துகளாயின. இதே சிக்கலில் இருப்பவர்களுக்காகத்தான் விவரமாக எழுதுகிறேன். முதலில் வந்த தேதிக் கோலத்தையே சேமித்துவிட்டால் 7/9 திரும்ப வராது.

படங்கள்தான் அடுத்த ஏமாற்றம். கோப்பில் படமே இல்லை, படத்துக்கான இணைப்பு மட்டும் இருந்தது. தட்டினால் ஆப் நிறுவனத்தின் சர்வரிலிருந்து படம் வரும். சர்வர் 30 நாளில் நிற்கப் போகிறது. பூட்டப்போகும் வீட்டின் விலாசத்தை எழுதிக் கொடுத்து, சாமான்களை ஒப்படைத்துவிட்டோம் என்கிற கதை. 340 படங்களையும் தம்பி இரண்டு மாலை உட்கார்ந்து இறக்கிக் கொடுத்தான்.

‘குறிப்பு’ கட்டம் கோப்பில் வரவே இல்லை. உதவி எண்ணுக்கு எழுதிக் கேட்டேன். அந்தக் கட்டம் ஏற்றுமதியில் சேராது என்று ஒரே வரியில் பதில். கடையை அடைத்த பிறகு இரவு பத்து மணிக்கு மேல், 11 இரவுகள், போனைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினேன். இந்த முறை பால்பாயிண்ட் பேனா.

வேலை முடிந்ததும் தம்பியின் கணினியில் பதிவிறக்கக் கோப்புறையைக் காலி செய்யச் சொன்னேன், குப்பைத் தொட்டியையும். "நான் பார்த்து என்னக்கா செய்யப் போகிறேன்?" என்று சிரித்தான். "நல்ல பிள்ளைதான் நீ. ஆனாலும் அழி" என்றேன்.

எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோதுதான், உயர் நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் ஜாக்கெட் வாங்க வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஒரு பிரதி வந்தது சரி. அவர்களிடம் இருப்பது என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அமெரிக்காவில் எச்சிலை வாங்கி மரபணு பார்த்துச் சொல்லும் ட்வென்டிதிரீ அண்ட் மீ 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. சுமார் 1.5 கோடி பேரின் விவரம் அதனிடம். கடைசியில் நிறுவனர்களில் ஒருவரே தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. கம்பெனி போனாலும் பட்டியல் சொத்துதான், அதற்கு விலை உண்டு என்றார். எங்கள் ஆப்பின் நிபந்தனைகளைப் போனில் உருட்டினால், தொழில் கைமாறினால் தகவலும் கைமாறலாம் என்று அதிலும் இருந்தது. நான் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டிய பக்கம்.

நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகளை 2025 நவம்பரில்தான் அறிவித்தார்கள். முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அங்கிருந்து 18 மாதம். அதில் அழிக்கச் சொல்லும் உரிமை உண்டு. ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை முழுசாக எடுத்துப்போகும் உரிமை 2019 மசோதாவில் இருந்து, சட்டமாகும்போது காணாமல் போய்விட்டது. எனக்கு வேண்டியிருந்ததோ அதுதான். "இன்னொன்று" என்று வக்கீலம்மா எழுந்துகொண்டே சொன்னார்: "என்னைப் பொறுத்தவரை, என் உடல் அளவுகளுக்குப் பொறுப்பு அந்த ஆப் இல்லை, நீங்கள்தான். நான் அளவு கொடுத்தது உங்களிடம்."

சுருக்கென்றது. அன்றிரவே என் கணக்கையும் அதிலுள்ள எல்லாப் பெண்களின் விவரத்தையும் அழித்து, அழித்ததை எழுத்தில் உறுதிசெய்யுமாறு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு புகார் எண் வந்தது. பதில் வரவில்லை. கர்ப்பிணியாக இருந்தவரிடமும் அறுவைச் சிகிச்சை ஆனவரிடமும் நானே நேரில் சொன்னேன். ஒருவர் பரவாயில்லை என்றார். மற்றவர் சற்று நேரம் ஒன்றும் பேசாமல், இனி அதை எங்கேயும் எழுதாதீர்கள் என்றார். எழுதுவதில்லை. நினைவில் வைத்திருக்கிறேன்.

அளவுகள் இப்போது மகளின் மடிக்கணினியில் ஒன்று, பூட்டிய பென் டிரைவில் ஒன்று, அச்சிட்டுப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரணில் ஒன்று.

நட்சத்திரம் கேட்டால்: பயன்பாட்டுக்கு நான்கு. விடைபெற்ற விதத்துக்கு ஒன்று, அதுவும் சந்தாவைத் திருப்பிக் கொடுத்ததற்காக.

போன வாரம் வேறொரு தையல் ஆப்பை விற்க ஓர் இளைஞர் வந்தார். திரையில் பொம்மைக்கு ஜாக்கெட் மாட்டியெல்லாம் காட்டினார். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. நான் விட்டுப் போக வேண்டும் என்றால் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும்? குறிப்பும் படமும் சேர்ந்து வருமா? அதை முதலில் காட்டுங்கள்" என்றேன். போனில் தேடத் தொடங்கினார். நான் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தேன், அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.