நான்கு வயதுக்கு எந்த ஊர்: நியூரம்பெர்க், வியன்னா, கோபன்ஹேகன்

தங்கை டிசம்பர் 18 அன்று கோயம்புத்தூரிலிருந்து மியூனிக் வருகிறாள். கூடவே அவள் கணவரும் நான்கு வயது மகனும். "அக்கா, கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஒரே ஊருக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போவாய்? மூன்றையும் நீ பார்த்துவிட்டாயே" என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே தருகிறேன்.

என் மகளுக்கு மூன்று வயதில் ஜெர்மனியின் நியூரம்பெர்க், நான்கில் ஆஸ்திரியாவின் வியன்னா, ஐந்தில் டென்மார்க்கின் கோபன்ஹேகன். மூன்று ஊர்களுக்கும் அழகில் குறைவில்லை. ஆகவே அழகை வைத்து நான் ஒப்பிடப்போவதில்லை. மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடும் ஊரில், விரல் விறைத்து, "தூக்கு" என்று கையை நீட்டும் பிள்ளையை அடுத்த கால் மணி நேரத்துக்குள் எந்தக் கதகதப்பான இடத்துக்குள் கொண்டுபோகலாம்? என் கேள்வி அது ஒன்றுதான். பெரியவர்களுக்கான பயணக் கையேடுகள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

முதலில் நியூரம்பெர்க். நாங்கள் செய்த முதல் தவறும் அங்கேதான். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போனோம். ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கூரைத்துணியின் கீழே ஏறத்தாழ 180 கடைகள். மேலே மாதா கோயிலின் முகப்பு. எனக்குக் கண்கொள்ளாத காட்சி. மகளுக்கோ ஒரு மீட்டர் உயரம். அவள் கண்ட நியூரம்பெர்க் முழுவதும் மேல்கோட்டுகளின் பின்புறமும் முதுகுப் பைகளும்தான். யாரோ ஒருவர் கையிலிருந்த சூடான பானம் அவள் தொப்பியில் சிந்தியது. நல்ல வேளை, கம்பளித் தொப்பி. தள்ளுவண்டியோ கல் பாவிய தரையில் இரண்டடிக்கு ஒரு முறை நின்றது. அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கடை திறக்கும் நேரத்தில் மறுபடியும் போனோம். அது வேறு ஊர். கடைக்காரர்களுக்குக் குழந்தையிடம் பேச நேரம் இருந்தது. உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கை கால் செய்து, தலைக்குத் தொப்பியும் உடம்புக்குத் துணியும் மாட்டிவிட்ட பொம்மைகள் நியூரம்பெர்க்கின் தனிச்சரக்கு. என் மகள் ஒன்றைக் கையில் வாங்கினாள், முகர்ந்து பார்த்தாள், காலைக் கடித்துவிட்டாள். விலை கொடுத்து வாங்கிக்கொண்டோம். ஒற்றைக் கால் கிழவர் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் நிற்கிறார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் கடிகாரத்தில் ஏழு சிற்றரசர்கள் பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றி மூன்று முறை வலம் வருகிறார்கள். 1509இல் அமைத்த பொறி. ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். குழந்தைக்கு அதுவே போதும். பக்கத்திலேயே ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு தனிச் சந்தை நடக்கிறது: இரண்டு அடுக்கு ராட்டினம், சின்ன ராட்சத ராட்டினம், குட்டி ரயில். பெரிய சந்தையைப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு மீதி நேரத்தை இங்கே செலவிடுவதுதான் சரியான கணக்கு.

கதகதப்புக்கு நியூரம்பெர்க் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. 1835இல் ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் இங்கிருந்து பக்கத்து ஊரான ஃபூர்த்துக்கு ஓடியது. அந்த ஆட்லர் என்ஜினின் மறுபடிவம் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதியும் உண்டு. வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். அங்கே போகும் யூ2, யூ3 சுரங்க ரயில்களுக்கு ஓட்டுநர் கிடையாது. முன் கண்ணாடியோரம் குழந்தையை நிறுத்தினால் சுரங்கம் விளக்கு விளக்காக எதிரே ஓடிவரும். ஒரே நிறுத்தம்தான் போக வேண்டும்; நாங்கள் ஆறு முறை போய் வந்தோம்.

சாப்பாடு சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஊரின் பெருமை விரல் நீள வறுத்த சாசேஜ்தான். மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும், சுட்ட செஸ்ட்நட்டும், லெப்கூகன் என்ற மசாலாப் பிஸ்கட்டும் இருக்கின்றன. லெப்கூகனில் கிராம்பும் பட்டையும் தூக்கலாக இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்த வாசனை புதிதல்ல.

வியன்னாவுக்கு மியூனிக்கிலிருந்து நேர் ரயிலில் நான்கு மணி நேரம். ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ரெயில்ஜெட் வண்டியில் குழந்தைகளுக்குச் சின்னத் திரையோடு ஒரு குடும்பப் பகுதியும் இருக்கிறது. ஊருக்குள் பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாமே ஆறு வயதுக்குக் கீழே இலவசம்.

நகரமன்றத்தின் முன்னால் இருப்பதுதான் புகழ்பெற்ற சந்தை. பூங்காவின் மரங்களில் ஒன்றில் முழுக்கச் சிவப்பு இதயங்களாகத் தொங்கும். அதன் கீழே புகைப்படம் எடுக்க வரிசை நிற்கும். பனிச்சறுக்கு வளையம் பூங்காப் பாதைகளுக்குள் வளைந்து வளைந்து ஓடுகிறது. ஆனால் என் கருத்தில் குழந்தையுடன் போகிறவர்கள் கார்ல்ஸ்பிளாட்ஸ் சந்தைக்குத்தான் முதலில் போக வேண்டும். கார்ல் தேவாலயத்தின் எதிரே உள்ள குளத்தை வடித்துவிட்டு வைக்கோலைக் கொட்டியிருப்பார்கள். பிள்ளைகள் அதில் விழுந்து புரளும். பெற்றோர் ஓரத்தில் நின்று பன்ச் என்ற சூடான மதுபானம் குடிக்கலாம். வைக்கோல்போர் எல்லாம் நமக்குப் புதிதா என்று நினைத்தேன். பெங்களூரிலும் மியூனிக்கிலும் அடுக்குமாடியிலேயே வளர்ந்த என் மகளுக்கு அது புதிதுதான். உள்சட்டைக்குள் போன வைக்கோலை இரவு பத்து மணிக்குக் குளியல் தொட்டியில் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

கதகதப்பில் வியன்னாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஷோன்ப்ருன் அரண்மனை வளாகத்தில் 1752 முதல் விலங்குக் காட்சிசாலை இருக்கிறது. உலகில் இன்றும் இயங்குபவற்றில் மிகப் பழையது. அங்குள்ள மழைக்காட்டு வீட்டின் கதவைத் திறந்த நொடியில் என் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. மகள் ஜாக்கெட்டைக் கழற்றி என் தோளில் எறிந்துவிட்டு, "அம்மா, பாட்டி ஊர் மாதிரி இருக்கிறது" என்றாள். அதே வளாகத்தில் அரண்மனைக்குள் குழந்தைகள் அருங்காட்சியகம். பழைய காலத்து உடைகளை மாட்டிக்கொண்டு இளவரசியாக நடக்கலாம். வெளியே வந்தால் முற்றத்தில் இன்னொரு சந்தை. ஒரே சுரங்க ரயில் நிறுத்தத்தில் ஒரு முழுநாள் முடிந்துவிடும். நடுவில் மழை வந்தாலும் கெடாது. சொல்ல மறந்தேன்: இந்த மூன்று ஊர்களிலும் டிசம்பரில் வெண்பனியைவிட மழைக்கே வாய்ப்பு அதிகம். சினிமாவில் பார்த்த பனியை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

சாப்பாட்டிலும் வியன்னா நமக்கு நெருக்கம். லாங்கோஷ் என்று பூரியின் பெரியப்பா போல ஒன்று, மேலே பூண்டு தடவித் தருவார்கள். கைசர்ஷ்மார்ன் என்பது பிய்த்துப் போட்ட இனிப்பு முட்டைத் தோசை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஆகாது. குழந்தைக்குப் பானம் வாங்கும்போது 'கிண்டர்பன்ச்' என்று தெளிவாகக் கேளுங்கள். வெறும் பன்ச் என்றால் மதுதான் வரும். கோப்பைக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்கும். மகள் தன் கோப்பையைத் தர மறுத்ததால் எங்கள் வீட்டில் மூன்று கோப்பைகள் சேர்ந்துவிட்டன.

குறை இல்லாமல் இல்லை. டிசம்பர் வார இறுதிகளில் அறை வாடகை கூசாமல் ஏறுகிறது. 'குடும்ப அறை' என்று சொல்லி எங்களுக்கு ஒரு விடுதியில் தந்தது, மடக்குக் கட்டிலை விரித்தால் குளியலறைக் கதவு திறக்காத அறை. பெயர் வேண்டாம், கட்டிலின் அளவைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். டிசம்பர் 5 மாலை ஆஸ்திரியாவில் எங்கேயாவது ஊர்வலம் என்றால் முதலில் விசாரியுங்கள். கொம்பும் சங்கிலியுமாக வரும் கிராம்பஸ் என்ற பேய் வேடம், பெரியவர்களையே திடுக்கிட வைக்கும்.

கோபன்ஹேகனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் பலமும் அதுதான்: ஒரே இடம், ஒரே வேலை. மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே டிவோலி பூங்கா, 1843இல் திறந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் மரம், கூரை, குளக்கரை எல்லாவற்றிலும் விளக்கு. சீக்கிரம் இருட்டிவிடுவது மற்ற ஊர்களில் தொல்லை. இங்கே மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுவதே வரம். ஆறு மணிக்குத் தூக்கம் சொக்கும் பிள்ளைகூட இரண்டு மணி நேரம் விளக்கு பார்த்துவிடும். வேலி போட்ட பூங்கா என்பதால் பிள்ளை கையை விட்டு ஓடினாலும் தெருவுக்குப் போகாது. அந்த நிம்மதி மற்ற இரண்டிலும் இல்லை. (மற்ற இரண்டிலும் மகளின் மணிக்கட்டில் என் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவைத்தேன்.)

அங்கே ஏப்லஸ்கீவர் என்ற டேனிஷ் இனிப்பு உருண்டை சுடும் கல்லைப் பார்த்தவுடன் நின்றுவிட்டேன். குழி குழியாக, அச்சு அசல் நம் பணியாரக் கல். குச்சியால் குத்தித் திருப்பும் கை அசைவுகூட அதேதான். மாவில் முட்டையும் பாலும். தொட்டுக்கொள்ள ஜாமும் பொடித்த சர்க்கரையும். காரச் சட்னி கேட்க வாய் வந்தது.

ஆனால் செலவு கையைக் கடிக்கிறது. டிவோலியில் நுழைய ஒரு கட்டணம், ஏறி விளையாட இன்னொரு கட்டணம். சும்மா நிற்கும் அப்பாவுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. பல ராட்டினங்களுக்கு உயர அளவு பார்ப்பார்கள். மகள் இரண்டில் அளவுகோலுக்குக் கீழே நின்று அழுதாள். கடல் காற்று காதுக்குள் புகும். மியூனிக்கிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் குளிர் உடைகளோடு பெட்டி எடை ஏறிவிடும். ஒரு நாள் டிவோலி முடிந்த பின் இரண்டாம் நாளுக்கு மீன் காட்சிசாலை இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. மூன்றாம் நாள் நாங்கள் விடுதியில் படம் வரைந்துகொண்டிருந்தோம்.

இனி தங்கையின் கணக்கு. விசாவில் சிக்கலில்லை, மூன்று ஊர்களுக்கும் ஷெங்கன் என்ற ஒரே பொது விசா போதும். தேதிதான் முடிவு செய்கிறது. நியூரம்பெர்க் சந்தை டிசம்பர் 24 பகலோடு மூட்டை கட்டிவிடும். கார்ல்ஸ்பிளாட்ஸ் அதற்கும் முன்பே முடிகிறது. வியன்னா நகரமன்றச் சந்தை 26 வரை. ஷோன்ப்ருன் புத்தாண்டு வரை நீள்கிறது. டிவோலி ஜனவரி தொடக்கம் வரை. 24 மாலை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடைகளெல்லாம் அடைத்துவிடும். அன்றைக்கு வெளியூரில் இருந்தால் பிள்ளைக்குப் பால் வாங்கக்கூட அலைய வேண்டும்.

இன்னொன்று, அவள் யோசிக்காதது. இந்தியாவிலிருந்து வருகிற பிள்ளைக்கு முதல் சில நாள் இங்கே மாலை ஆறு மணி என்பது இரவு பத்தரை. எந்த ஊர் விளக்கையும் பார்க்காமல் தோளில் தூங்கிவிடுவான். அதற்குப் பதில் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து உட்காருவான். அந்த நேரத்தை வீணாக்காமல் இருக்க நியூரம்பெர்க்தான் தோது: மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், பத்து மணிக்குச் சந்தை, பன்னிரண்டுக்குக் கடிகாரம், பிறகு குழந்தைச் சந்தை, மூன்று மணிக்குத் திரும்பும் வண்டி. அறை வாடகையும் மிச்சம். வந்த இரண்டாம் மூன்றாம் நாளில், சனி ஞாயிறைத் தவிர்த்துப் போய்விடலாம்.

24, 25 எங்கள் வீட்டில். 26 காலை வியன்னா வண்டி. நகரமன்றச் சந்தையின் கடைசி இரவு கிடைக்கும், அதற்குள் தூக்கமும் சரியாகியிருக்கும். பிறகு இரண்டு நாள் ஷோன்ப்ருன். வைக்கோல் மட்டும் கிடைக்காது. கோபன்ஹேகனை இந்த முறை விட்டுவிடச் சொன்னேன். "ஒரே ஊர் என்றுதானே கேட்டேன்?" என்றாள். ஒன்றுக்குத்தான் அறை போட வேண்டும், இன்னொன்றுக்குக் காலை டிபனைக் கட்டி எடுத்துக்கொண்டால் போதும் என்றேன். இட்லிப்பொடி அவள் கொண்டுவருகிறாள்.