ஒரே ஆர்சிசிபி, இரண்டு ஆர்சிசிபி, சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்சிபிஓ: வீட்டுக்கு எது?

சிங்கிள் பேஸ் வீடு, 32 ஆம்பியர் மெயின், ஆறு சர்க்யூட் என்று வைத்துக்கொள்வோம். போன கரன்ட்டும் திரும்பி வரும் கரன்ட்டும் சமமில்லை என்றால், அதாவது எங்கோ கசிந்தால், லைனைத் துண்டிப்பது ஆர்சிசிபி. அதோடு எம்சிபி வேலையையும் (ஓவர்லோடு, ஷார்ட்டில் துண்டிப்பது) சேர்த்துச் செய்வது ஆர்சிபிஓ. எந்த வழியில் போனாலும் ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழுவதுதான். 100, 300 எல்லாம் தீ விபத்தைத் தடுக்க. "100 போடுங்க, அடிக்கடி டிரிப் ஆகாது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மெயினுக்குப் பின் ஒரே ஆர்சிசிபி என்பது மலிவு. டிபி பாக்ஸில் (எம்சிபிகள் வரிசையாக இருக்கும் பெட்டி) இரண்டு மாட்யூல் இடம் போதும்; ஒரு மாட்யூல் என்பது ஒரு சிங்கிள் எம்சிபியின் அகலம். சிக்கல் கசிவு கூடிக்கொண்டே போவதில். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், எல்இடி டிரைவர் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கசியவிடும். 30 என்று எழுதியிருந்தாலும் 15-ஐத் தாண்டினாலே டிரிப் ஆகலாம் என்பதால், வழக்கமான கசிவு 9-க்குள் இருப்பது நல்லது. கீசர் காயிலில் ஈரம் இறங்கினால் வீடே இருட்டு. வெளியூர் போயிருந்தால் பிரிட்ஜில் இருப்பதும் கெட்டுப்போகும்.

பெரும்பாலான வீடுகளுக்கு என் தேர்வு இரண்டு ஆர்சிசிபி, தலா 40 ஆம்பியர். பாத்ரூம், கிச்சன், மோட்டார், வெளி பிளக் ஒன்றில். லைட், பேன், ஹால் பிளக் இன்னொன்றில். வேலை கெடுவது நியூட்ரலில். ஒவ்வொன்றுக்கும் தனி நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) வேண்டும். பேஸ் ஒன்றிலிருந்தும் நியூட்ரல் மற்றதன் லிங்க்கிலும் போய்விட்டால், போன கரன்ட் அதே வழியில் திரும்பாது. ஒரு குறிப்பிட்ட பேனைப் போட்டதும் ஒன்றோ இரண்டுமோ விழுந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். ஜங்ஷன் பாக்ஸிலேயே நியூட்ரலை லூப் செய்த பழைய வீட்டில் பிரிக்கப் போனால் வயரிங்கையே கிளற வேண்டியிருக்கும். அங்கே ஒரே ஆர்சிசிபியோடு நிற்பதே மேல்.

ஆர்சிபிஓ ஓவர்லோடு, ஷார்ட், கசிவு மூன்றையும் பார்க்கும். எந்த சர்க்யூட்டில் கோளாறோ அது மட்டும் விழும். கோளாறைத் தேடுவதற்கு இதைப்போல வசதி இல்லை. இரண்டு மாட்யூல் வகையில் ஆறு போட்டால் மெயினோடு 14 மாட்யூல். இரண்டு ஆர்சிசிபி, ஆறு எம்சிபி, மெயின் என்றால் 12. இட வித்தியாசம் பெரிதில்லை, விலைதான் இடிக்கும். அதனால் கீசருக்கும் பிரிட்ஜுக்கும் மட்டும் ஆர்சிபிஓ போடலாம். அதை மெயினிலிருந்து நேராக எடுக்க வேண்டும். ஆர்சிசிபிக்குக் கீழே எடுத்தால் இரண்டில் எது விழும் என்று சொல்ல முடியாது.

ஆர்சிசிபி ஓவர்லோடையோ ஷார்ட்டையோ பார்க்காது. எம்சிபி கட்டாயம், ஆர்சிசிபியின் ஆம்பியர் மெயினுக்குக் குறையக்கூடாது. இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் இருக்கும் பக்கத்துக்கு ஏ டைப் ஆர்சிசிபி வாங்குங்கள். ஏசி டைப் (இதுவும் ஆர்சிசிபி வகைதான், ஏர் கண்டிஷனர் இல்லை) விலை குறைவு, ஆனால் டிசி கலந்த கசிவில் விழாமல் ஏமாந்துவிடும்.

எல்லா எம்சிபியையும் இறக்கியும், ஆர்சிசிபி ஏற்றியதும் விழுந்துவிடுகிறதா? எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது; சிங்கிள் போல் எம்சிபி நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. மெயினை அணைத்து, லிங்க்கிலிருந்து நியூட்ரல் வயர் ஒன்றைக் கழற்றி, முனையை மூடிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். எதைக் கழற்றியதும் விழாமல் நிற்கிறதோ, அந்த சர்க்யூட்டின் சுவிட்ச் பாக்ஸ்களைத் திறந்து பாருங்கள்.

எர்த் வயர் இல்லாத பிளக்கில் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஜம்பர் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிப் போட்டால் சாதனத்தின் பாடியில் இறங்கிய கசிவு நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடும். ஆர்சிசிபிக்கு வித்தியாசமே தெரியாது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் பாடியிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். டெஸ்ட் பட்டன் உள்ளே இருக்கும் ரெசிஸ்டரை வைத்து ஆர்சிசிபியை மட்டும் சோதிப்பதால், அதை அழுத்தினாலும் இந்த ஜம்பர் பிடிபடாது.