குளியலறை வாசலில் ஒரு இரும்புப் படி

நாங்கள் போய்வந்த உல்லாசக் கப்பலுக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளி. அந்தக் கப்பலை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு ஐந்துக்கு ஒன்று. கம்பனியின் பெயரை எழுதவில்லை. காசு விசயம் ஒருவாறு தீர்ந்துவிட்டது. அதோடு, எங்களுக்கு உதவி செய்த கப்பல் பிள்ளைகளுக்கு என் எழுத்தால் ஒரு கரைச்சலும் வரக்கூடாது.

என் கணவருக்கு அறுபது வயது முடிகிறது என்று பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துத் தந்த பயணம் இது. மயாமியில் ஏறி, ஏழு இரவு கரீபியன் கடலில் சுற்றி, திரும்ப மயாமியில் இறங்குவது. அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. இரண்டு முழங்காலும் சரியில்லை. வீட்டுக்குள் வோக்கர், வெளியே சக்கர நாற்காலி. அம்மாவை ஒரு கிழமை யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாம் என்ற கதையே எங்களிடம் இல்லை. இங்கே ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பயண முகவராக இருக்கும் எங்கள் ஊர்த் தம்பியிடம் முதல் நாளே தெளிவாகச் சொன்னேன்: சக்கர நாற்காலி போகக்கூடிய அறை வேண்டும், இல்லாவிட்டால் பயணமே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், கப்பலில் சாதாரண அறையின் கதவு 23 அங்குலம் அளவில்தான் இருக்கும். அம்மாவின் நாற்காலி 25 அங்குலம். மாற்றுத்திறனாளிகளுக்கான அறையில் கதவு 32 அங்குலம், குளியலறைத் தரை சமமாக இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பிகள் இருக்கும். மற்ற அறைகளில் தண்ணீர் வெளியே வராதபடி குளியலறை வாசலில் ஒரு இரும்புப் படி எழும்பி நிற்கும். நடக்கிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

தம்பி சரியான அறையைத்தான் எடுத்தார். உறுதிப்படுத்தலில் அது எழுத்தில் இருந்தது. பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல். கம்பனிக் குழுமத்தில் மறுசீரமைப்பு நடக்கிறது, உங்கள் கப்பல் இனி எங்கள் சகோதர நிறுவனத்தின் பெயரில் ஓடும், திகதி மாறாது, துறைமுகங்கள் மாறாது, அறையும் அதே தரத்தில் இருக்கும் என்று. கீழே ஒரு புது முன்பதிவு எண். அதே தரம் என்றால் அதே விலை, அதே யன்னல், அதே தட்டு. சக்கர நாற்காலி என்ற குறிப்பு மட்டும் பழைய கணினியிலிருந்து புதியதற்குப் போகவில்லை. இது எங்களுக்குத் தெரிந்தது அறைக் கதவைத் திறந்த பிறகுதான்.

நாற்காலி உள்ளே போகவில்லை. மடித்து வெளியே வைத்துவிட்டு, இவரும் மகனும் இரண்டு பக்கமும் தாங்கி அம்மாவை உள்ளே கொண்டுவந்தார்கள். அம்மா குளியலறை வாசலில் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி அந்தப் படியைக் குனிந்து பார்த்தார். இவர் கையை விரித்து அளந்தார், அரைச் சாணுக்கு மேல். அம்மா சொன்னார்: “படி எனக்குப் புதுசில்லைப் பிள்ளை. கரவெட்டி வீட்டிலை இதைவிட உயரம். அப்ப எனக்குக் கால் இருந்தது.”

நான் விருந்தினர் சேவை மேசைக்கு ஓடினேன். ஏறும் நாளில் அங்கே வரிசை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். என் முறை வந்தபோது ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை, முப்பது வயது இருக்காது, நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கணினியில் எதையும் தட்டவில்லை. இன்னொருவரைத் தன் இடத்தில் இருத்திவிட்டு என்னோடு எழும்பி வந்துவிட்டார். அறையில் முழங்காலில் இருந்து படியைப் படம் எடுத்தார், நாடாவால் அளந்தார். பிறகு எழும்பி நின்று, சக்கர நாற்காலி அறைகள் முழுவதும் நிரம்பிவிட்டன, உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் இன்றிரவுக்குள் உங்கள் அம்மா இந்தக் குளியலறையைப் பாவிப்பார் என்றார்.

ஒன்றரை மணித்தியாலத்தில் கப்பலின் தச்சர் வந்தார். ஒட்டுப்பலகையில் இரண்டு சாய்தளங்கள், படிக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. விளிம்புகளைத் தேய்த்து மழுக்கியிருந்தார். மேலே வழுக்காத கறுப்பு நாடா. அடியில் பென்சிலால் எங்கள் அறை எண். குளியலறைக் கதவையும் கழற்றி எடுத்துவிட்டுத் தடித்த திரை ஒன்றைத் தொங்கவிட்டார், வோக்கர் போக அந்த ஒரு அங்குலமும் தேவைப்பட்டது. தீப் பாதுகாப்புக்காக நடைபாதையில் எதுவும் நிற்கக்கூடாது என்பதால், அறையைப் பார்த்துக்கொள்ளும் பையன் நாற்காலியைத் தன் சாமான் அறையில் வைத்து, ஒவ்வொரு காலையும் விரித்துக் கொண்டுவந்தான். அம்மா அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். மூன்றாம் நாள் அந்தச் சொல்லுக்கு அவன் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான்.

இதற்காகத்தான் அந்த ஐந்து.

ஆனால் நாங்கள் கேட்டு வாங்கிய அறை அதுவல்ல. அம்மாவை அறைக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நள்ளிரவில் அம்மா எழும்பும்போது நானும் எழும்பினேன். பயண முகவர் தம்பிக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். அவருடைய பதில்: “அக்கா, இறங்க முன்னம் எல்லாத்தையும் எழுத்திலை வாங்குங்கோ. கரைக்கு வந்தால் உங்களைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டினம்.”

ஆறாம் நாள் மேசைக்குப் போய்க் கேட்டேன். அந்தப் பிள்ளை தயங்கவில்லை. ஒரு பக்கம். இந்தப் பயணிக்கு மாற்றுத்திறனாளி அறை உறுதி செய்யப்பட்டிருந்தது, கொடுக்கப்பட்டது சாதாரண அறை, கப்பலில் செய்த ஒழுங்குகள் இவை, திகதிகள் இவை. கீழே கையொப்பமும் கப்பல் முத்திரையும். எங்கள் கப்பல் கணக்கில் 150 டொலர் வரவும் வைத்தார். தன்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான், மிச்சத்தை அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்.

சரி, அலுவலகம்.

நான் கேட்டது அம்மாவின் கட்டணத்தில் ஒரு பகுதி, 640 அமெரிக்க டொலர். முதல் மின்னஞ்சலைப் பழைய நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பினேன், உறுதிப்படுத்தலில் அதுதான் இருந்தது. இந்தப் பெட்டி இனிக் கண்காணிக்கப்படாது என்று தானியங்கிப் பதில். புதிய நிறுவனத்துக்கு எழுதினால், நீங்கள் தந்த முன்பதிவு எண் எங்களிடம் இல்லை. புது எண்ணைப் போட்டு எழுதினால், இந்த எண்ணில் சக்கர நாற்காலி அறை கேட்கப்படவே இல்லை. உண்மைதான், அந்த எண்ணில் கேட்கப்படவில்லை! தொலைபேசியில் எழுபது நிமிடம் காத்திருந்து கதைத்தேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். தான் சேர்ந்து மூன்று கிழமைதான் ஆகிறது, பழைய கணினியைத் திறந்து பார்க்கத் தனக்கு அனுமதி இல்லை, முன்பு இதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிவு இப்போது இல்லை என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை. என் முறைப்பாடு என்னவென்று அறிய அவருக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. கம்பனிகள் ஒன்றை ஒன்று விழுங்கும்போது முதலில் காணாமற்போவது இந்த ஞாபகம்தான். கப்பல் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த மனிதர் இல்லை.

பிறகு நான் கப்பல் கம்பனிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பகலில் சம்பளப் பட்டியல் போடுகிற வேலை எனக்கு, கணக்குத் தெரியும், இந்த உலகம் தெரியாது. 1932இல் சிட்னியிலிருந்து முதல் உல்லாசப் பயணத்தை அனுப்பிய பி அண்ட் ஓ அவுஸ்திரேலியாவை அதன் தாய்க் குழுமமான கார்னிவல் 2025 மார்ச்சில் தன் சொந்தப் பெயருக்குள் சேர்த்துவிட்டது. பசிபிக் அட்வென்ச்சர் என்ற கப்பல் கார்னிவல் அட்வென்ச்சர் ஆனது. அங்கே கம்பனி ஆரோக்கியமாக இருந்தபடி பெயர் மாறியது. ஹொங்கொங்கின் கெண்டிங் குழுமத்தில் நடந்தது வேறு. 2022 ஜனவரியில் அது பெர்முடா நீதிமன்றத்தில் கலைப்புக்கு விண்ணப்பித்தது. அதற்குச் சொந்தமான கிரிஸ்டல் சிம்பொனி மயாமிக்குத் திரும்ப வேண்டிய நாளில், எரிபொருள் கடனுக்காகக் கப்பலைத் தடுத்துவைக்க அமெரிக்க நீதிமன்றம் பிறப்பித்த ஆணை அங்கே காத்திருந்தது. கப்பல் பஹாமாஸில் உள்ள பிமினிக்குத் திரும்பியது. பயணிகளைப் படகில் ஏற்றி ஃபோர்ட் லோடர்டேலுக்கு அனுப்பினார்கள். பணம் கட்டிவிட்டு இன்னும் போகாமல் இருந்தவர்கள் கடன்கொடுத்தோரின் வரிசையில் நின்று கோரிக்கைப் படிவம் நிரப்பினார்கள். கிரிஸ்டல் என்ற பெயரையும் இரண்டு கப்பல்களையும் வேறொரு பயண நிறுவனம் வாங்கி, 2023இல் மறுபடி ஓட விட்டது.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த கிழமையில்தான் எனக்கு அலுவலகத்திலிருந்து ஒரு சலுகை வந்தது. 500 டொலருக்கு ஃபியூச்சர் குரூஸ் கிரெடிட், அதாவது அவர்களுடைய அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவு, பன்னிரண்டு மாதத்துக்குள் பாவிக்க வேண்டும். இவர், வாங்கிப் போடு, அலைந்தது போதும் என்றார். நான் மறுத்தேன். கிரெடிட் என்பது காசு இல்லை, அந்தக் கம்பனி நாளைக்கும் இருக்கும் என்ற வாக்கு. தன் பெயரையே இந்த வருடம் மாற்றியவர்களின் வாக்கை நான் ஏன் 500 டொலராக எண்ண வேண்டும்?

இந்த இடத்தில், எங்கள் மாகாணமான ஒன்ராறியோக்காரர்களுக்கு ஒரு விசயம். இங்கே பதிவு பெற்ற முகவரிடம் பயணம் எடுத்தால், அந்த முகவரோ விமானக் கம்பனியோ கப்பல் கம்பனியோ முறிந்துபோனால், டிக்கோ என்று நாங்கள் சொல்லும் பயணத் தொழில் சபையின் இழப்பீட்டு நிதியில் ஆளுக்கு 5,000 டொலர் வரை கோரலாம். கப்பல் கம்பனியின் தளத்தில் நேரடியாக எடுத்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முப்பது டொலர் மலிவு என்று பார்த்து நேரடியாக எடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிதி கம்பனி முறிந்தால்தான். பிழையான அறை தந்ததற்கு அது உதவாது, எனக்கும் உதவவில்லை.

உதவியது இரண்டு. ஒன்று கப்பலில் வாங்கிய அந்தத் தாள். மற்றது, நான்காவது கடிதத்தில் நான் எடுத்துக்காட்டிய இரண்டு பழைய விசயங்கள். 2005இல் ஸ்பெக்டர் என்பவர் நோர்வீஜியன் குரூஸ் லைனுக்கு எதிராகக் கொண்டுபோன வழக்கில், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் கார்னிவல் குழுமம் அமெரிக்க நீதித் திணைக்களத்தோடு ஒரு உடன்பாடு செய்தது. கப்பல்களில் 3 சதவீத அறைகள் மாற்றுத்திறனாளிகளுக்கானவையாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த அறைகளைச் சரியாக ஒதுக்கிவைக்கவில்லை என்பதும் திணைக்களத்தின் குற்றச்சாட்டுகளில் இருந்தது. அதாவது என் அம்மாவுக்கு நடந்தது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. கணினி மாறியது என்பது ஒரு பதிலாகாது, கணினியை மாற்றியவர்கள்தான் அந்தக் குறிப்பையும் கூடக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று எழுதினேன். வழக்குப் போடுவேன் என்று எழுதவில்லை. கப்பல் டிக்கெட்டின் சிறிய எழுத்தில் வழக்கை எங்கே போட வேண்டும் என்று இருக்கும், பெரும்பாலும் புளோரிடா. 1991இலேயே அப்படிப்பட்ட நிபந்தனை செல்லும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 640 டொலருக்கு நான் புளோரிடாவுக்குப் போக முடியாது, அது அவர்களுக்கும் தெரியும்.

ஒன்பது நாளில் பதில் வந்தது, இதுவரை என்னோடு எழுதாத ஒரு பெண்ணிடமிருந்து. மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கான பிரிவில் இருக்கிறாராம். தாளைப் பார்த்தேன், கப்பலோடு கதைத்தேன், படத்தையும் அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தார். ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். 640 டொலரும் கடனட்டைக்குத் திரும்ப வந்தது. அலுவலகத்துக்கு நான் தந்த அந்த ஒரு புள்ளி அவருக்கு.

கம்பனிகள் சேர்வதையும் பிரிவதையும் நாங்கள் தடுக்க முடியாது. ஆனால் பெயர் மாறுகிற செய்தி வந்த அன்றே பழைய உறுதிப்படுத்தலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், இரண்டு மாதத்துக்கு முன்பே அந்தக் குறிப்பு விடுபட்டதைக் கண்டிருப்பேன். சம்பளப் பட்டியலில் தினமும் செய்கிற வேலை அது. அன்றைக்குச் செய்யவில்லை என்பது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. தம்பி இப்போது தன்னிடம் வருகிற எல்லாருக்கும் அதைச் செய்கிறார், சாப்பாட்டு ஒவ்வாமை, சக்கர நாற்காலி, ஒட்சிசன் இயந்திரம், எதுவாக இருந்தாலும்.

அம்மா திரும்பவும் போக வேண்டும் என்கிறார். மெக்சிக்கோவின் கொசுமெல் தீவில் இறங்கிக் கடலைப் பார்த்தபடி இருந்த அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். வருகிற பெப்ரவரிக்கு வேறொரு கம்பனியில் எடுத்திருக்கிறோம், தம்பியிடம்தான். போன கிழமை அவர் அனுப்பிய உறுதிப்படுத்தலில் அறை எண்ணுக்குக் கீழே, கம்பனியே எழுதித் தந்த ஒரு வரி: கதவு 32 அங்குலம், குளியலறையில் படி இல்லை. அதை அச்செடுத்து அம்மாவின் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.