டிபி 4056 சார்ஜிங் போட்: அணையாத சிவப்பு லைட்

கையடக்க மீட்டர் ஒன்று கட்டிக்கொண்டிருக்கும் கொட்டாஞ்சேனை நண்பன் கேட்டான்: "யுஎஸ்பியில சார்ஜ் பண்ண அந்தச் சின்ன நீலப் போட் போதும்தானே மச்சான்?" கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பிளேன்டீ, வடைக் காசுக்குக் கிடைக்கும், லித்தியம் பற்றரியைச் சார்ஜ் செய்யும் டிபி 4056 சிப் போட்டைத்தான் சொல்கிறான். அம்மாவுக்குக் கட்டிக் கொடுத்த ரேடியோவில் நான் வருடக்கணக்காகப் பாவிப்பதும் அதுதான். போன கிழமை அதைத் திருத்த வேண்டி வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை.

சிப்பைக் குறை சொல்ல மாட்டேன். 4.2 வோல்ட்டில் ஒழுங்காக நிற்கும். அடியோடு வடிந்த பற்றரிக்கு முதலில் சிறு கரண்ட் கொடுத்து, 2.9 வோல்ட் தாண்டிய பிறகுதான் முழுக் கரண்ட்டை விடும். டிடபிள்யூ 01 என்ற பாதுகாப்புச் சிப்பும் சேர்ந்த போட்டாகப் பார்த்து வாங்கினால் ஷோர்ட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. 2022 இல் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அந்த ரேடியோதான்.

ஆனால் சார்ஜ் ஆகும்வரை எரியும் அந்தச் சிவப்பு லைட்! அம்மா ரேடியோவை பிளக்கில் போட்டபடியேதான் கேட்பார். சார்ஜ் கரண்ட் எவ்வளவு என்று தீர்மானிப்பது போட்டில் உள்ள ஒரு ரெசிஸ்டர்; அதில் வரும் 1.2 கிலோ ஓமுக்கு 1 அம்பியர். அந்தக் கரண்ட் பத்தில் ஒரு பங்காக, அதாவது 100 மில்லி அம்பியராகக் குறைந்தால்தான் 'நிறைந்துவிட்டது' என்று சிப் நிறுத்தும். ரேடியோவோ சத்தமாக வைத்தால் 150 வரை இழுக்கிறது. பற்றரிக்குப் போவது எது, ரேடியோவுக்குப் போவது எது என்று சிப்புக்குத் தெரியாது. அதனால் நிறுத்தாமல் 4.2 வோல்ட்டிலேயே நாள் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும். நேரத்தைப் பார்த்து நிறுத்தும் வசதியும் அதில் இல்லை. கொழும்பு வெக்கையில் லித்தியம் பற்றரிக்கு இது நஞ்சு. பின்கவர் ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றினால் தட்டைப் பற்றரி நடுவில் உப்பி, டேப்பைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. அம்மா தலைமாட்டில் வைத்திருந்த சாமான் அது.

திருத்தம் பெரிய வேலை இல்லை. யுஎஸ்பி 5 வோல்ட்டிலிருந்து, கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு ஷொட்கி டயோட் வழியாக நேரே ரேடியோவுக்கு லைன். பற்றரிக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஏஓ 3401 மாதிரி, சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு பி-சனல் மொஸ்பெட்: அதன் மூன்று கால்களில் ட்ரெயின் பற்றரிப் பக்கம், சோர்ஸ் ரேடியோப் பக்கம். மூன்றாவது காலான 'கேட்'டை யுஎஸ்பி 5 வோல்ட்டில் கொடுத்து, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றால் கிரவுண்டுக்கு இழுத்துவிட வேண்டும். பிளக் போட்டால் மொஸ்பெட் பற்றரியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் வழியை அடைக்கும், பற்றரி தனியாகச் சார்ஜ் ஆகும். கழற்றினால் பற்றரி கைகொடுக்கும். இப்போது சிவப்பு அணைந்து, நிறைந்துவிட்டதைக் காட்டும் நீலம் வருகிறது. இந்தச் சில்லறைச் சாமான்களைப் போட்டிலேயே போட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் சிப்பின் டெம்ப் பின். பற்றரியின் சூட்டைப் பார்த்துச் சார்ஜை நிறுத்தத்தான் அந்தக் கால் இருக்கிறது. நான் வாங்கிய போட்கள் எல்லாவற்றிலும் அதைக் கிரவுண்டில் கட்டிவிட்டிருந்தார்கள். 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாத பற்றரிக்கு, இருக்கிற ஒரு காவலையும் பிடுங்கிவிட்டார்கள். சிறிய பற்றரி என்றால் 1 அம்பியர் கூடிப்போகும், அந்த 1.2 கிலோ ஓமையும் மாற்றியே ஆக வேண்டும். 2 கிலோ ஓம் போட்டால் 580 மில்லி அம்பியர் அளவுக்கு இறங்கும்.

நண்பனுக்கு, வாங்காதே என்றுதான் சொன்னேன். விலை கூடினாலும் எம்சிபி 73871 மாதிரி, சார்ஜையும் லோடையும் தானே பிரித்துப் பார்க்கும் சிப்பைத் தேடி எடு என்றேன். அம்மாவின் ரேடியோவில் இருப்பது இன்னும் டிபி 4056தான். அதைக் கழற்ற எனக்கு மனமும் இல்லை.